சுறா எங்களுக்குப் பங்காளி

நான் ஆராய்ச்சி செய்த மீன்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டார் வயிற்றுக்குள்தான் போயிருக்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது சுறாவின் வால் நுனியில் நகத்தளவு சதை. அதை வெட்டி எத்தனால் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு மூடினால் என் வேலை முடிந்தது. மீதி இருக்கும் முழங்கை நீள மீனைக் குப்பையில் போட எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. நுனி கல்லூரிக்கு, மீதி சட்டிக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மைசூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். விஜயநகரில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் இருந்தது, பொறுமைதான் இல்லை. என்னோடு என் அக்காவின் மகள் இருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஸ்கூட்டரில் போய் வருகிறாள், தமிழைவிடக் கன்னடத்தில்தான் நன்றாகச் சண்டை போடுவாள். மங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்து இறங்கும் காலைகளில் நான் மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்னச் சுறாவாகப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், சுத்த சைவம். என் பையைப் பார்த்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். மழைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதெல்லாம் அவர் செடிகள் செழிப்பாக இருக்கும்.

சுறாவில் அப்படி என்ன தேடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லும், தன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் துணுக்குத் துணுக்காக ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது. ரோந்து போகும் வெள்ளணுக்கள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே நகரும். தட்டில் வீட்டுச் சமாசாரம் இருந்தால் பேசாமல் போய்விடும். கிருமியின் துணுக்கு இருந்தால் அந்தச் செல்லையே தீர்த்துக்கட்டிவிடும். இந்தத் தட்டுகளைச் செய்யும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே கிருமி எல்லோரையும் ஏமாற்றிவிட முடியாது என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

இது எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் சுமார் ஐம்பது கோடி ஆண்டுகள் நடக்க வேண்டும். தாடையில்லாமல், வட்ட வாயால் உறிஞ்சிப் பிழைக்கும் மீன்கள் இன்றும் குளிர்க்கடல்களில் உண்டு. அவற்றிடம் நம்முடைய தட்டுகள் இல்லை. கிருமியோடு அவை வேறு வழியில் மல்லுக்கட்டுகின்றன. தாடை வந்த மீன்களிடமோ தட்டு, தட்டைப் பார்க்கும் வெள்ளணு, எதிர்ப்பொருள் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் முதலிலேயே பிரிந்துபோன கிளையில் இருப்பது சுறா. ஆதி மீன்களில் மரபணுக்கள் மொத்தமும் பிரதி எடுக்கப்பட்டு இரட்டித்துப் போயின என்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்த பிரதிகள் சும்மா இருக்காமல் புது வேலைக்குப் போயின. எங்கிருந்தோ வந்து குடியேறிய ஒரு மரபணுத் துண்டு வெட்டி ஒட்டும் வித்தையைக் கையோடு கொண்டுவந்தது; மரபணுவை அப்படி வெட்டி ஒட்டித்தான் வெள்ளணுக்கள் புதுப்புது எதிர்ப்பொருள் செய்கின்றன. குடியேற வந்தவனால் ஊருக்கே காவல் கிடைத்த கதை. இதைப் பாடம் நடத்தும்போது இன்றும் என் குரல் தானாக உயர்ந்துவிடும். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்தச் சொன்னதும் உண்டு.

இதையெல்லாம் மாணவர்களைவிட ஆசையாகக் கேட்பவர் மாமா. மாமா என்றால் என் அம்மாவின் ஒரே தம்பி; என் அக்காவைக் கட்டியவரும் அவர்தான். என்னோடு இருக்கும் பெண் இவர்கள் இருவருக்கும் பிறந்த ஒரே மகள். மாமாவுக்கு ராமாபுரத்தில் மக்காச்சோள மண்டி. மாதம் ஒருமுறை கொள்ளேகால் வழியாக பஸ் பிடித்து வருவார். மகளைப் பார்க்க வருவதாகச் சொல்வார்; சுறாக் குழம்புக்கு வருகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஏனம்மிணி, இந்தச் சுறாகிட்ட இருக்கற தட்டும் நம்மகிட்ட இருக்கறதும் ஒண்ணேதானா?" என்று ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"உருவம் கொஞ்சம் மாறியிருக்கும் மாமா. வார்ப்பு ஒண்ணுதான்."

"அப்ப இது நமக்கு என்ன மொறை ஆகோணும்? மாமன் மச்சானா, பங்காளியா?"

யோசித்துப் பார்த்தேன். நல்ல கேள்வி. "பங்காளிதான் மாமா. சொத்து ஒண்ணு. பாகம் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"பங்காளியவா கொழம்பு வெச்சிருக்கறே?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "செரி, பாகம் பிரிஞ்ச பங்காளிய ஊருக்குள்ள மட்டும் வேற என்ன பண்றாங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுறாவுக்குப் பெயரே பங்காளி.

மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நிச்சயமானபோது நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் நான் அப்போதுதான் மரபியல் படிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் குறைகள் பிள்ளையிடம் வந்து ஜோடி சேர்ந்துகொள்ளும் என்று புத்தகத்தோடு ஊருக்குப் போய் வாசலில் நின்று பிரசங்கம் செய்தேன். மாமா முழுக்கக் கேட்டார்.

"அம்மிணி, நீ சொல்றது நாயந்தான். ஆனா உங்கக்கா என்னையத்தான் கட்டுவேன்னு சோறு திங்காம ஒக்காந்திருக்கறா. அதுக்கு உன்ற பொஸ்தகத்துல என்ன மருந்து போட்டிருக்குது?"

மருந்து எதுவும் போடவில்லை. அக்காவுக்கு மாமா என்றால் உயிர். நான் கோபத்தோடு பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்று சொன்னதைத்தான் வருடா வருடம் வகுப்பிலும் சொல்கிறேன். சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு யார் தயவும் தேவையில்லை.

போன வருடம் மழைக்கு முன்னால் மாமா வந்தபோது அவர் முழங்கையில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. மூட்டை இடித்துவிட்டது என்றார். பல் விளக்கினால் ரத்தம் வந்தது. மாடிப்படி ஏறி வந்தவர் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். மாமா பங்காளியை வேண்டாம் என்று சொன்னதும் நான் அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாளே அக்காவை வரவழைத்து மாமாவை மருத்துவமனைக்கு அனுப்பினேன். எனக்குத் தேர்வு மேற்பார்வை இருந்ததால் போக முடியவில்லை.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் இடம். மாமாவின் மஜ்ஜை காலியாகிக்கொண்டிருந்தது. பரம்பரை நோயல்ல, யாருக்கும் வரக்கூடியது என்றார் டாக்டர். ஹுப்பள்ளிப் பக்கத்து இளைஞர், நிதானமாகப் பேசுகிறவர். மருந்து கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் நாட்கள் ஓடின.

"மண்டியில சரக்கு இல்லீங்கறாரு அம்மிணி," என்றார் மாமா. "வெளியில இருந்து எறக்கோணுமாம்."

அதுதான் விஷயம். யாராவது ஒருவர் மஜ்ஜை கொடுத்து அது மாமாவின் உடம்பில் பிடித்தால் அவர் பிழைப்பார். இல்லாவிட்டால் இன்னொரு மழையைப் பார்க்க மாட்டார். ஆனால் மஜ்ஜை என்பதே வெள்ளணுக்களின் தாய்வீடு. வேறொருவர் மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்கள் மாமாவின் ஒவ்வொரு செல்லிடமும் போய் நின்று தட்டைப் பார்க்கும். தட்டு தங்களுடையது போல இல்லையென்றால் ஊரையே கொளுத்திவிடும். தட்டு பொருந்தும் ஆள்தான் வேண்டும். வாழ்நாள் முழுவதும் எந்தத் தட்டின் வரலாற்றைத் தேடினேனோ, அது என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொருந்த அதிக வாய்ப்பு கூடப்பிறந்தவர்களிடம். மாமாவுக்குக் கூடப்பிறந்தது என் அம்மா ஒருத்திதான். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முழுப் பொருத்தம்! நான் டாக்டர் அறையிலேயே எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். டாக்டர் மட்டும் தட்டவில்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை, இதயக்குழாயில் ஸ்டென்ட். எடுக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அம்மா விடவில்லை. "எம்பட தம்பிய இடுப்புல தூக்கி வளத்துனவ நானு. எனக்கு என்ன ஆனா உங்களுக்கென்னங்க? எடுத்துக்குங்க" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குப் போனார். அவருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பிறகு, முன்பின் தெரியாதவர்கள் மஜ்ஜை தரப் பெயர் கொடுத்திருக்கும் பதிவேடுகளில் தேடினார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. "மகள் இருக்கிறாள்," என்றார் டாக்டர். "பிள்ளைகள் என்றால் பாதிப் பொருத்தம்தான். பாதியை வைத்தும் செய்யலாம், ஆனால் இந்த வயதில் ஆபத்து அதிகம். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்." நானும் தலையாட்டினேன். பிள்ளை என்றால் பாதிதான். அதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவளே நான்தான்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் அக்கா சமையலறையில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். "பெத்த மக, எப்படி அவருக்குப் பாதியாகும்? முழுசாத்தானே பெத்தேன்?" என்று கேட்டாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. அவளுக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று நான் டப்பாக்களை எடுத்து மேடையில் வைத்தேன்.

"இங்க பாரு. இந்தத் தட்டு மரபணுவெல்லாம் ஒரே இடத்துல கொத்தா இருக்கும். பிரியாது. சுறாவுலயும் அப்படித்தான் கொத்தா இருக்குது. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கொத்து. அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. மாமாகிட்ட இருக்கற கொத்துல ஒண்ணு ராகின்னு வெச்சுக்க. இன்னொண்ணு சோளம்."

ஒரு பிடி ராகி, ஒரு பிடி சோளம் மேடையில் விழுந்தன.

"அம்மாவும் மாமாவும் முழுப் பொருத்தம். அப்ப அம்மாகிட்டயும் ராகி, சோளம். நம்ம அப்பாகிட்ட கடலை, உளுந்து. நீ பொறந்தப்ப அம்மா ரெண்டுல ஒண்ணைக் குடுத்தாங்க. ராகின்னு வெச்சுக்குவோம். அப்பா கடலையைக் குடுத்தாரு. அப்ப நீ யாரு?"

"ராகி, கடலை," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாலும் கவனமாகத்தான் இருந்தாள்.

"இப்ப உன்ற மக பொறக்கறா. மாமாகிட்ட இருந்து ஒண்ணு வரும், உன்கிட்ட இருந்து ஒண்ணு வரும். மாமா சோளத்தைக் குடுத்தாரு. நீ ராகியை..."

என் கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கிலிருந்து ராகி மட்டும் சொரிந்துகொண்டிருந்தது. மேடையில் மாமாவின் ராகி, சோளம். அதற்குக் கீழே, அவர் மகளின் இடத்தில், சோளம், ராகி.

நான் போட்ட சத்தத்தில் அக்கா முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு வங்கி அதிகாரி ஜன்னலைச் சாத்தியது கேட்டது. "என்னடி ஆச்சு, தேளு கீளு கடிச்சிருச்சா?" என்று அக்கா என் காலைப் பார்த்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினேன். யாரோ ஒருத்தியைக் கட்டியிருந்தால் மாமாவின் பிள்ளை பாதிதான். ஆனால் அவர் கட்டியது தன் கொத்தில் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தவளை. மகளுக்கு முழுதாகப் பொருந்தலாம். பொருந்தாமலும் போகலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் நாலில் ஒரு பங்கு என்பது, அந்தப் பதிவேடுகளில் தேடியதோடு பார்த்தால், கையில் இருக்கும் பழம்.

டாக்டர் இதை எப்படி விட்டார் என்று எனக்குக் கோபமாக வந்தது. சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் பெற்ற பிள்ளையையும் முதலிலேயே சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் யோசித்திருப்பார் என்று நம்பித்தான் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். அக்காவை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

மாமாவுக்கு அப்போது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். மூச்சு வாங்க, கன்னடத்தில் கொட்டித் தீர்த்தேன். இவர் கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை, ஆகையால் பெண்ணை உடனே சோதியுங்கள் என்றேன்.

டாக்டர் விழித்தார். "ஆனால் முதல் நாளே கேட்டேனே. சொந்தமில்லை என்றாரே இவர்." மாமா பக்கம் திரும்பி, "சம்பந்ததல்லே மதுவேனா சார்?" என்று கேட்டார், சொந்தத்திலேயா கல்யாணம் என்று.

"இல்லீங்க சார். அசலுங்க," என்றார் மாமா. குழாய் குத்திய கையை அசைக்காமல் தலையை மட்டும் பலமாக ஆட்டினார். "ரொம்பத் தூரத்து அசலு. இந்த அம்மிணி என்னமோ சொல்லுது, நீங்க காதுல போட்டுக்காதீங்க."

"மாமா!" என்று கத்தினேன். "எங்கம்மா உங்களுக்கு யாரு?"

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை முதன்முதலாகப் பார்ப்பவள் போல ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாக வந்தது விஷயம். மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா, சொந்தத்தில் கட்டியது தெரிந்ததும் மாமாவை வார்டு நடுவில் நிற்க வைத்து, அத்தனை பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். ஏற்கெனவே நான் கல்யாணத்துக்கு முன்பே பிரசங்கம் செய்திருந்தேன். அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அசல் என்றே சொல்வதென்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். காய்ச்சலுக்குப் போனாலும் அசல், பல் பிடுங்கப் போனாலும் அசல். எங்கள் பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன். பாதிப் பேர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

"கட்டுனதுக்கு வெக்கமில்லீங்க சார்," என்றார் மாமா டாக்டரிடம், கன்னடமும் தமிழும் கலந்து. "திட்டு வாங்கறதுக்குத்தான் வெக்கம்."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன், அக்கா சிரித்தாள், கட்டிலில் இருந்தவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அன்று மாலையே மகள் ஸ்கூட்டரில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முடிவு வரும்வரை நான் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். மார்க்கெட்டுக்குப் போய்ச் சுறாவைப் பார்த்து, வாங்காமல் திரும்பி வந்தேன். கண்ணாடிக் குப்பி ஒன்றை உடைத்தேன். நாலில் ஒன்று என்று கணக்குப் போட்டு நம்பினேன். நாலில் மூன்று என்று திருப்பிப் போட்டுப் பயந்தேன். எனக்கு மாமா வேண்டும். மரபியலும் வேண்டாம், ஆதி மீனும் வேண்டாம். குழம்புத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அந்த மனிதர் வேண்டும் என்று இருந்தது.

வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. விதியை மீறி எடுத்தேன்.

"சித்தி! ஃபுல் மேட்ச்! பூர்த்தி ஃபுல்லு சித்தி!" என்று அவள் கன்னடமும் தமிழுமாக அலறியது முதல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நான் அப்பாவேதான் கண்ரீ!"

மாணவர்களிடம் சொன்னேன். காரணமே புரியாமல் மொத்த வகுப்பும் கைதட்டியது. கரும்பலகையில் ராகி, சோளம் என்று எழுத ஆரம்பித்தேன், எழுத முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

மாமாவிடம் மகளே போய்ச் சொன்னாள். "அப்ப நீ எனக்குப் பொறந்தவளா, கூடப் பொறந்தவளா?" என்று கேட்டாராம். "எங்கக்காவுக்கு அடுத்தது நீதான்னு ஆயிப்போச்சே. எப்படிக் கூப்பிடறது உன்னைய?" அவள் சொன்னாள்: "அப்பா, சும்னே மலக்கோ." பேசாமல் படுங்கள் என்று அர்த்தம்.

மகளின் மஜ்ஜைச் செல்களை ஊசி போட்டு ரத்தத்துக்கு வரவழைத்தார்கள். அவள் கையிலிருந்து ஒரு இயந்திரம் ரத்தத்தை இழுத்து, வேண்டிய செல்களை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தது. அவள் அலுப்பாக இருக்கிறது என்று புலம்பியபடி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் சேர்ந்தது நீர்த்த தக்காளிச் சாறு போல இருந்தது. அதை மாமாவுக்கு ஏற்றும்போது நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். மருந்து கொடுத்து முடியெல்லாம் கொட்டியிருந்தது; எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நான் அந்தப் பையையே பார்த்தேன். இந்தச் செல்கள் உள்ளே போய்க் குடியேறும். பிறக்கும் வெள்ளணுக்கள் ரோந்து கிளம்பும். ஒவ்வொரு செல்லும் நீட்டும் தட்டை, ஆதி மீன் காலத்துப் பழக்கம் மாறாமல், எட்டிப் பார்க்கும். வீட்டுச் சமாசாரம்தான் என்று தெரிந்து பேசாமல் போய்விட வேண்டும். போங்கள், பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டேன். கும்பிட்டது எந்தச் சாமியை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பிடித்துக்கொண்டது. நடுவில் காய்ச்சல், வாய்ப்புண், கவலை எல்லாம் இருந்தன. ஆனால் மெல்ல மெல்ல மாமாவின் எலும்புக்குள் சரக்கு இறங்கியது. என் வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கினார். வெளியே போகக்கூடாது, மீன் கூடாது. ஜன்னலருகே உட்கார்ந்து பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியோடு செடிகளைப் பற்றிப் பேசிப் பேசிச் சிநேகமாகிவிட்டார்.

இந்த வருட மழை தொடங்கும் முன் ஒரு பரிசோதனைக்குப் போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு புதுப் பயிற்சி மருத்துவர், மாமாவைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண், வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொந்தத்தில் கல்யாணமா என்றாள்.

"சொந்தந்தானுங்க," என்றார் மாமா. அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். "அக்கா மகளைத்தான் கட்டினேன். இந்தா நிக்கறா."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு அதன் கெடுதல்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதெல்லாம் சரிதான், குறுக்கிட எனக்கு வழியில்லை. மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் தெரியுங்க டாக்டரம்மா. இந்த அம்மிணி கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லுச்சு," என்று என்னைக் காட்டினார். "எம்மகளுக்கு அசல்லதான் பாத்திட்டிருக்கறேன். ஆனா நீங்க கேட்டா நான் இனிமே சொந்தம்னுதான் சொல்லுவேன்."

இனி எல்லாம் சாப்பிடலாம், நன்றாக வெந்திருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதும் நான் அங்கேயே எழுந்துவிட்டேன். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக மார்க்கெட். ஒரே ஒரு சுறா மிச்சமிருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். நானும் அக்காவும் சேர்ந்து சமைத்தோம். மகள் ஆபீசிலிருந்து பாதியில் ஓடி வந்தாள். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய புளி, அக்கா அரைத்த மசாலா. வீடு முழுக்க மணந்தது, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தே கிடந்தது.

மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கரண்டியால் சட்டியைத் துழாவி ஒரு துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனம்மிணி, பங்காளியோட வாலு முழுசா இருக்குதே. நீ நுனி வெட்டலையா?"

நான் பார்த்தேன். வால் நுனி அப்படியே இருந்தது. குப்பி என் பையில் காலியாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் ஒரு சுறாவைக்கூட நான் வெட்டாமல் அடுப்பில் ஏற்றியதில்லை.

"மறந்துட்டேன் மாமா," என்றேன்.

மாமா அந்த வாலை என் தட்டில் வைத்தார். நான் அதைக் குருத்தெலும்பு தெரியும்வரை தின்றேன். நல்ல ருசி. இத்தனை காலமும் நல்ல துண்டையெல்லாம் கல்லூரிக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.